தராசுக்காரரும் சட்டமும்

களவுபோன பொருளை உடையவன் அடையாளங்காட்டி மீட்டுக்கொள்வது எல்லாத் தேசங்களிலும் நீதி பரிபாலனத்துக்கு ஆதாரமாக இருந்துவந்த முறை. குதிரைக்குச் சுழி உண்டு. கடிகாரத்துக்குள் செய்தவன் பெயர் உண்டு. துணிக்குக் கரையும் சாயமும் உண்டு. ஆனால் மாதாகோயிற் கூரையிலிருந்து உரித்தெடுத்த ஈயத் தகட்டை ஓர் இரும்புச் சட்டியிலிட்டு வீட்டு அடுப்பில் ஏற்றினாலோ, 327 டிகிரி உஷ்ணத்திலேயே அது இளகி, கால்நாழிகைக்குள் பாளமாகிவிடுகிறது. அதன்பின் அந்தப் பாளம் எந்தக் கூரையில் எத்தனை நூற்றாண்டு மழை தாங்கியது என்பதைக் கோயில் அதிகாரியும் சொல்ல முடியாது, நீதிபதியும் கண்டறிய முடியாது. உடையவன் கண்ணுக்குப் பொருள் தப்பிவிடும் இந்தக் காரணத்தாலேயே, உலோகத் திருட்டைத் தடுக்க முற்பட்ட சட்டங்கள் திருடனைத் துரத்துவதைக் காட்டிலும், அவன் கொண்டுவருவதைத் தராசிலிட்டுக் காசு கொடுக்கும் வியாபாரியின்மீதே நாட்டஞ் செலுத்தலாயின. இங்கிலாந்து தேசத்தில் இந்த முயற்சி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இடைவிடாமல் நடந்துவந்திருக்கிறது. அதன் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் ஒரு விஷயம் என் மனத்தை உறுத்துகிறது. உலோகத்துக்குக் குறியிட்டார்கள், அதைச் சுமந்து சென்ற ஏழையை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள், கடைக்காரன் எந்நேரம், எவரிடம், எவ்வளவு நிறை வாங்கலாம் என்றெல்லாம் விதித்தார்கள், கை மாறிய ரொக்கத்தை மட்டும் வெகுகாலம் ஒருவரும் கவனிக்கவில்லை.

குறியிடும் முறை அரசாங்கத்தின் சொந்தச் சொத்திலிருந்து தொடங்கிற்று. அரச கடற்படையின் கப்பல்துறைகளில் கயிறும் பாய்த்துணியும் ஆணியும் மரமும் மலைமலையாகக் குவிந்திருந்தன. அவற்றினிடையே கூலிக்கு உழைத்தவர்களுக்கோ சம்பளம் மாதக் கணக்கில் நிலுவையாக நிற்பது சாதாரணமாயிருந்தது. ஆகவே மன்னரின் பொருள் என்பதைக் காட்ட அகன்ற அம்புக்குறி ஒன்றை உலோகத்திலும் மரத்திலும் பொறித்தார்கள். கயிற்றின் புரிகளுக்குள்ளே வேறு நிறமான இழை ஒன்றை வைத்து முறுக்கினார்கள். எவ்வளவு சிறு துண்டாக வெட்டினாலும் அந்த இழை உள்ளிருந்து காட்டிக்கொடுக்கும். 1698ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் குறியுள்ள பொருளை உரிய சான்றிதழின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கி, 200 பவுன் அபராதம் விதித்தது. குறி இருக்கும்வரையில் இது நல்ல ஏற்பாடுதான். கயிறு எரிந்தாலன்றி இழை மறையாது. உலோகத்திலுள்ள அம்போ அரத்துக்கும் உலைக்கும் எளிதில் இரையாயிற்று.

கப்பல்துறைகளில் திருட்டுக்கும் உரிமைக்கும் நடுவே கோடு எங்கே இருந்தது என்பதும் அவ்வளவு தெளிவான விஷயமன்று. தச்சர்கள் வேலை முடிந்து போகும்போது வெட்டி விழுந்த மரச் சிராய்களைக் கட்டாகக் கட்டித் தோளில் எடுத்துச் செல்வது நெடுநாள் வழக்கமாக அனுமதிக்கப்பட்டிருந்தது. அது அவர்கள் கூலியின் ஒரு பகுதி என்றே அவர்கள் கருதினார்கள். 1801இல் அந்த வழக்கத்தை ஒழித்து, அதற்கீடாகப் பணப்படி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதல் நாள் மாலைவரை வாயிலைக் கடந்து தாராளமாகச் சென்ற சுமை, மறுநாள் முதல் களவுப் பொருளாயிற்று. அந்தக் காலத்துச் சட்டங்களை நோக்கும்போது, அவை குற்றத்தைத் தண்டித்தன என்பதோடு, புதிதாகக் குற்றம் இன்னதென்று வகுத்தும் வந்தன என்பதை மறக்கலாகாது.

நகரத்தின் கதை வேறு. லண்டன் வீடுகளின் கூரை மடிப்புகள், மழைநீர்த் தூம்புகள், குடிநீர்க் குழாய்கள், தொட்டிகள் யாவும் ஈயத்தாலானவை. கட்டடத்தோடு பொருத்தப்பட்ட பொருள் நிலத்தின் பகுதி என்றும், அதைப் பெயர்த்தெடுப்பது திருட்டாகாது என்றும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஒரு பழைய தத்துவம் இருந்தபடியால், வீட்டிலிருந்து ஈயத்தை உரித்தவனை முறையாகத் தண்டிக்கவே 1731இல் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. திருடர்களோ அதற்குத் தங்கள் குழூஉக்குறியில் அழகானதொரு பெயர் வைத்திருந்தார்கள்: நீலப்புறாவைப் பறக்கவிடுதல். வெயிலில் நீலம் பாய்ந்து கிடக்கும் ஈயத் தகடு கூரையிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தவன் எவனோ சூட்டிய பெயராக இருக்க வேண்டும்.

1756இல் பார்லிமெண்டு இன்னும் ஒரு படி சென்றது. ஈயம், இரும்பு, செம்பு, பித்தளை, வெண்கலம், பற்றாசு ஆகியவற்றைத் திருடுவோரையும், திருட்டென்றறிந்து வாங்குவோரையும் அடக்குவதற்கென்று அவ்வாண்டில் நிறைவேறிய சட்டம், சூரியாஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் இத்தகைய உலோகத்தைச் சந்தேகத்துக்கிடமாகச் சுமந்து செல்பவர்களைக் காவற்காரர்கள் பிடித்து நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுத்தது. பிடிபட்டவன் அது தன் கைக்கு நேர்வழியில் வந்த வகையை மாஜிஸ்திரேட்டின் மனத்துக்குத் திருப்தியாகும்படி விளக்கவேண்டும். விளக்க முடியாதவன் குற்றவாளி. குற்றம் சாட்டுபவனே அதை நிரூபிக்க வேண்டுமென்பது ஆங்கில நீதியின் தலைசிறந்த பெருமையாகப் போற்றப்படுவது. அந்தப் பெருமை, இரவில் உடைந்த குழாய்த் துண்டொன்றைக் கக்கத்தில் இடுக்கிச் சென்ற ஏழைக்கு மட்டும் கிட்டாமற் போயிற்று.

இந்தச் சமயத்திலேயே செம்பும் களவுக்கேற்ற பண்டமாக வந்து சேர்ந்தது. கப்பலின் அடிப்பாகத்தைப் புழு அரிப்பினின்றும் காக்கும்பொருட்டுக் கடற்படையார் 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு வேய்ந்து பரீட்சித்தார்கள். 1780களின் தொடக்கத்திற்குள் கப்பற்படையே பெரும்பாலும் செம்பு பூண்டுவிட்டது. தகடுகளும் அவற்றை அறைந்த ஆணிகளும், ஒரு கைப்பிடி அளவே ஆனாலும் விலைபெறுவன. சட்டைப் பையில் அடங்குவன. நதிக்கரையெங்கும் பழைய இரும்புக் கடைகள் பெருகியதில் வியப்பில்லை.

அந்தக் கடைகளைப்பற்றி மிகுந்த ஆவேசத்துடன் எழுதியவர் பாட்ரிக் கொல்கூன். கிளாஸ்கோ நகரத் தலைவராக இருந்து, பின்னர் லண்டனில் மாஜிஸ்திரேட்டாக உத்தியோகம் பார்த்த இவர், 1796இல் தலைநகரின் காவல் முறையைப்பற்றி ஒரு பெரிய கிரந்தம் வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குள் லண்டனின் பழைய இரும்புக் கடைகள் 300இலிருந்து 3,000 ஆகப் பெருகிவிட்டன என்பது அவர் கணக்கு. கொல்கூனுக்குப் பெரிய எண்களில் ஒரு பிரீதி உண்டென்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆகையால் இந்த மூவாயிரத்தை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அவருடைய வாதம் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. வாங்குவோன் இல்லையேல் திருடுவோன் இல்லை. எனவே இந்த வியாபாரிகள் அனைவரும் உரிமம் பெற்றே தொழில் நடத்த வேண்டும், அவர்கள்மேல் காவலரின் கண்காணிப்பு நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மேற்கிந்தியத் தீவு வர்த்தகர்களின் பொருளுதவியைக்கொண்டு 1798இல் வாப்பிங் கரையில் நதிக் காவற்படை ஒன்றை நிறுவுவதற்கும் அவரே பெருங்காரணராக இருந்தார். காவற்படை இரண்டாண்டுக்குள் அரசாங்க ஸ்தாபனமாயிற்று. உரிமம் என்ற யோசனையை நாட்டின் பழைய உலோக வியாபாரிகள் அனைவருக்கும் பொதுவாகச் சட்டமாக்க, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கடைகளை உள்ளே சென்று பார்ப்பதற்கு நமக்குச் சிறந்த வழிகாட்டிகள் இருவர். நாவலாசிரியர் டிக்கன்ஸ், 1852–53இல் வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' என்ற நூலில் கந்தலும் புட்டியும் எலும்பும் பழைய இரும்பும் குவிந்த கடையொன்றையும், அதன் உடைமையாளனான குரூக் என்ற கிழவனையும் படைத்திருக்கிறார். கற்பனையின் உதவியின்றி உண்மையை எழுதியவர் ஹென்றி மேஹ்யூ. தேம்ஸ் நதியில் நீர் வற்றும் வேளையில் இடுப்பளவு சேற்றில் இறங்கி, கரியும் கயிறும் எலும்பும் ஆணியும் பொறுக்கிய சிறு பிள்ளைகளையும் கிழவிகளையும் அவர் நேரிற் கண்டு, அவர்கள் பெற்ற விலையைக்கூடக் குறித்து வைத்தார். இரும்பு ஐந்து ராத்தல் ஒரு பென்னி. எலும்பு மூன்று ராத்தல் ஒரு பென்னி. கயிறு ஈரமாயிருந்தால் ராத்தல் அரைப் பென்னி, உலர்ந்திருந்தால் முக்காற் பென்னி. செப்பாணி ராத்தல் நான்கு பென்ஸ். அந்தப் பிள்ளைகளுக்குச் செப்பாணி கிடைப்பதுதான் புதையல். ஆனால் அது அவர்களுக்கு அரிதாகவே அகப்பட்டது. ஏனெனில் செம்பு வேய்ந்து கொண்டிருக்கும் கப்பலின் அருகே, திருடிவிடுவார்கள் என்ற அச்சத்தால், அவர்களை அண்டவே விடுவதில்லை என்கிறார் மேஹ்யூ. இரும்புக்கும் செம்புக்கும் விலையில் இருபது மடங்கு பேதம் இருந்ததென்பதை இந்தச் சிறிய கணக்கிலிருந்து அறிகிறோம். ஒரு பிள்ளை நாள் முழுதும் சேற்றில் நின்று சேர்க்கும் இரும்பின் விலையை, பைக்குள் மறைத்த சில செப்பாணிகள் தந்துவிடும்.

கப்பற் சாமான் வாங்கும் கடைகளுக்கு 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் சில நிபந்தனைகளை விதித்தது. கடைக்காரனுடைய பெயரும் தொழிலும் ஆறு அங்குலத்துக்குக் குறையாத எழுத்துக்களில் கடை முகப்பில் தீட்டப்பட வேண்டும். வாங்கியது என்ன, எப்போது, யாரிடம் என்பதைப் பேரேட்டில் எழுத வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டவராகத் தோன்றுபவரிடம் வாங்கலாகாது. ஐந்து பாகத்துக்கு மேற்பட்ட வடத்தை அனுமதிச் சீட்டின்றி வெட்டவோ பிரிக்கவோ கூடாது. 1861இல் பழைய உலோக வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. திருட்டு உலோகம் வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்ட வியாபாரியைக் காவல் நிலையத்தில் பதிவுசெய்துகொள்ளும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அப்படிப் பதிவானவன் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வாங்கக்கூடாது. பதினாறு வயதுக்குட்பட்டவராகத் தோன்றுபவரிடம் வாங்கக்கூடாது. வாங்கியதை உருமாற்றாமல் 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை வகுத்தவர் எவராயினும் தொழிலின் நுட்பத்தை நன்கறிந்தவர். அடையாளத்தை அழிப்பது அடுப்பு. அடுப்பை இரண்டு நாள் தாமதிக்கச் செய்தால், பறிகொடுத்தவன் வந்து பார்ப்பதற்கு அவகாசம் கிடைக்கிறது.

பத்தாண்டுக்குப்பின் 1871இல் வந்த குற்றத் தடுப்புச் சட்டமோ, என் அபிப்பிராயத்தில், இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் விசித்திரமானது. பழைய உலோக வியாபாரி எவனும் ஈயத்தை ஒரே தடவையில் 112 ராத்தலுக்குக் குறைவாகவும், செம்பு, பித்தளை, வெள்ளீயம், பியூட்டர், ஜெர்மன் சில்வர் ஆகியவற்றை 56 ராத்தலுக்குக் குறைவாகவும் வாங்கினால் ஐந்து பவுன் வரையில் அபராதம். இரும்பு இந்தப் பட்டியலில் இல்லை. சிறு திருட்டுக்குச் சந்தையே இல்லாமற் செய்துவிட வேண்டுமென்பது நோக்கம். குழாய் வேலைக்காரனின் கையாள் துண்டு ஈயத்தைச் சுருட்டிக்கொண்டு போனால் அதை விற்க இடமிராது. வேலைக்காரச் சிறுமி எஜமானனின் பித்தளைக் குமிழைக் கழற்றினால் அதற்கும் விலையிராது. நோக்கம் புரிகிறது. ஆனால் விளைவை யோசித்துப் பார்த்தால், ஒரு தட்டு வண்டி நிறையக் கூரையையே உரித்துக்கொண்டு வருபவனுக்கு இந்தச் சட்டத்தால் ஓர் இடையூறும் இல்லை. அவன் கொண்டுவருவது தாராளமாகவே 112 ராத்தலைத் தாண்டும். சேற்றில் பொறுக்கிய அரை ராத்தல் செப்பாணியை யோக்கியமாக விற்க வந்தவளுக்கும், உடைந்த பித்தளை விளக்குத் தண்டை விற்று அன்றைய ரொட்டிக்கு வழி தேடிய விதவைக்கும்தான் நேரான வாசல் அடைபட்டது. அவர்களுக்கு மிஞ்சியது சட்டத்தை மீறத் துணிந்த கடைக்காரன்; துணிச்சலுக்குக் கூலியாக விலையைக் குறைத்து வாங்கும் கடைக்காரன். களவைத் தடுக்க எண்ணி வறியவனைக் கள்ளச் சந்தைக்கு அனுப்பும் சட்டம் நல்ல சட்டமாகாது.

இதற்கிடையே இந்தத் தொழிலின் அந்தஸ்தே மாறத் தொடங்கியிருந்தது. 1860களில் வந்த சீமன்ஸ்–மார்ட்டின் உலை, பழைய இரும்பையே பெருவாரியாக இட்டு எஃகு உருக்க வழிசெய்தது; கந்தற் கடையின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது தேசத்தின் மூலப்பொருளாயிற்று. இரு பெரும் யுத்தங்களும் அந்தத் தேவையைப் பன்மடங்காக்கின. 1964இல் நிறைவேறிய பழைய உலோக வியாபாரிகள் சட்டம், முந்தைய விதிகளைத் துடைத்துவிட்டு ஒரே ஒழுங்கை ஏற்படுத்த முனைந்தது. எல்லா வியாபாரிகளும் மூன்றாண்டுக்கொருமுறை ஸ்தல ஸ்தாபனத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வந்த உலோகத்தின் வகை, நிறை, நாள், நேரம், விலை, கொண்டுவந்தவர் பெயர், விலாசம், வண்டியின் எண் யாவும் பேரேட்டில் ஏறவேண்டும். தண்டிக்கப்பட்ட வியாபாரிக்கு 1861இல் இருந்த 48 மணி நேரக் காவல் இப்போது 72 மணி நேரமாயிற்று. குறைந்தபட்ச நிறை என்ற விதி நீங்கியது, அது நன்மையே. ஆனால் இந்தச் சட்டத்திலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. பதிவு கேட்டவனுக்கு ஸ்தல ஸ்தாபனம் மறுக்கவே முடியாது. பேரேட்டிலோ வந்தவன் சொன்ன பெயர் எழுதப்பட்டதேயன்றி, அது அவன் பெயர்தானா என்று பார்க்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. நோட்டுக் கட்டு கைமாறியது; அவன் வாயிலைக் கடந்ததும் வியவகாரம் முடிந்தது.

நாற்பது ஆண்டுகள் இந்த ஓட்டைகள் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் 2002இல் டன்னுக்குச் சுமார் 1,600 டாலராக இருந்த செம்பு, சீன தேசத்தின் கட்டுமானப் பெருக்கத்தால் 2011 பிப்ரவரியில் 10,000 டாலரைத் தாண்டியது. ரயில் பாதையோரத்துச் சமிக்ஞைக் கம்பிகள் வெட்டப்பட்டு வண்டிகள் மணிக்கணக்காக நின்றன. கிராமத்து ஆலயங்களின் ஈயக் கூரைகள் ஒரே இரவில் மறைந்து, மறுநாள் மழை பிரசங்க மேடையில் பெய்தது. யுத்தத்தில் மாண்டவர்களின் பெயர் பொறித்த வெண்கலப் பலகைகளும் தப்பவில்லை. தங்கள் மகனின் பெயரை வேறெங்கும் எழுதி வைக்க இடமில்லாத குடும்பங்கள் எத்தனையோ அந்தப் பலகைகளில்தான் அதைக் கண்டு வந்தன. அவற்றைப் பெயர்த்து எடைக்குப் போட ஒருவனுக்குக் கை வந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கலைச் செல்வங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. 2005 டிசம்பரில் ஹெர்ட்ஃபர்ட்ஷயரிலுள்ள பெர்ரி கிரீன் என்ற சிற்றூரிலிருந்து, சிற்பி ஹென்றி மூர் வார்த்த சாய்ந்த உருவச் சிலையொன்று, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வெண்கலம், பாரந்தூக்கி வைத்த லாரியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டது. முப்பது லட்சம் பவுன் மதிக்கப்பட்ட அந்தச் சிலை, துண்டாக்கப்பட்டு, 1,500 பவுனுக்குமேல் பெறாத பழைய உலோகமாக விற்கப்பட்டிருக்கும் என்பதே போலீசார் இறுதியில் வந்த முடிவு. 2011 டிசம்பரில் லண்டன் டல்விச் பூங்காவில் நாற்பதாண்டுகளாக நின்ற பார்பரா ஹெப்வொர்த்தின் வெண்கலச் சிற்பம் அதன் பீடத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டது. சிலையை வாங்கக் கலை ரசிகன் எவனும் முன்வரமாட்டான்; தராசுக்காரன் ஒருவன் இருந்தான், அவன் கையில் ரொக்கம் இருந்தது.

மாற்றம் முதலில் வடகிழக்கு இங்கிலாந்தில் தோன்றியது. 2012 ஜனவரியில் அங்குள்ள வியாபாரிகள் போலீசாருடன் கலந்து, விற்க வருபவரிடம் அடையாளச் சான்று கேட்பதென்று தாமாகவே ஒப்புக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் நேர்மையாளர் மிகுதி என்பதற்கும், திருட்டுப் பொருளால் அவர்களும் நஷ்டமும் அவப்பெயரும் அடைந்தே வந்தார்கள் என்பதற்கும் இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. தெருத்தெருவாகச் சென்று சேகரிப்பவர்களுக்கு முதலில் அளிக்கப்பட்டிருந்த விலக்கையும் அடுத்த ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. ரிச்சர்ட் ஆட்டவே என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய அந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் அக்டோபர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. இனிப் பதிவு போதாது, உரிமம் வேண்டும். தகுதியற்றவனுக்கு அதை மறுக்கலாம், கொடுத்ததைப் பறிக்கலாம். விற்பவனின் பெயரும் விலாசமும் சான்றுகொண்டு சரிபார்க்கப்பட வேண்டும். பணம் காசோலையாகவோ வங்கிக் கணக்கின் மூலமாகவோதான் செல்ல வேண்டும். கொல்கூன் கேட்டது ஒருவாறு கிடைத்துவிட்டது. அவர் கேட்காததும் கிடைத்தது: உருகிய பாளம் தன் வரலாற்றை மறந்தாலும், வங்கிக் கணக்கு மறப்பதில்லை. ஸ்காட்லாந்து 2015இல் சட்டமியற்றி, 2016 செப்டம்பர் முதல் ரொக்கத்தை விலக்கியது.

புள்ளிவிவரப்படி, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதலாண்டிலேயே போலீசில் பதிவான உலோகத் திருட்டுக்கள் சுமார் மூன்றிலொரு பங்கு குறைந்தன. செம்பின் விலையும் அந்தக் காலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபடியால் முழுப் புகழையும் சட்டத்துக்கே கொடுத்துவிடுவது நியாயமன்று. ஐந்தாண்டுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. அதன்படி 2017 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஆராய்ந்து, சட்டம் நீடிக்கட்டும் என்று முடிவு செய்தது. அந்த முடிவு சரியானதே. ஆயினும் பழைய குறையின் வாடை முற்றிலும் போய்விடவில்லை. பெரிய கிடங்குக்காரர் ஒரு நகராட்சி எல்லைக்குள் எத்தனை கிடங்கு வைத்திருந்தாலும் ஒரே உரிமம் போதும். சிறிய வண்டியில் வீடு வீடாகச் சென்று பழைய அடுப்பும் குழாயும் சேகரிப்பவரோ, ஒவ்வொரு நகராட்சிக்கும் தனித்தனி உரிமம் பெற்றாக வேண்டும். லண்டன் போன்ற நகரத்தில் அவர் காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் மூன்று எல்லைகளைக் கடந்துவிடுவார். மூன்றிடத்திலும் கட்டணம் செலுத்தவேண்டும், செலுத்தாவிடில் குற்றவாளி. அவருடைய அடையாளம் ஒருமுறை சரிபார்க்கப்பட்டு, அவருக்குச் சேரவேண்டிய பணமும் வங்கி வழியே போகும்போது, தேசம் முழுவதற்கும் ஒரே உரிமம் அவருக்குக் கொடுப்பதில் களவுக்கு இடம் உண்டாகப்போவதில்லை. பார்லிமெண்டு அந்த ஒரு விதியைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.